வாகையர் இருவர் எப்போது மோத வேண்டும்?

அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் சனிக்கிழமை இரவு நடைபெறும் குத்துச்சண்டைப் போட்டி, நேர வேறுபாட்டால் மலேசியாவில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் தொலைக்காட்சிக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளான் நகரிலும் பசியாற உணவகத்திற்கு வரும் இரசிகர்கள், தட்டிலுள்ள தோசையை மறந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. போட்டி முடிந்தவுடன் அவர்களிடையே மற்றொரு போட்டி தொடங்கும். அதற்குக் கையுறை வேண்டியதில்லை. வாய் மட்டும் போதும். “இன்று வென்றவரும் சென்ற மாதம் வென்றவரும் மோதினால் வெற்றி யாருக்கு?” என்பதே அங்கு எழும் வினா.

இவ்வினா மற்ற விளையாட்டுகளில் நெடுநாள் நீடிப்பதில்லை. பூப்பந்தில் டத்தோ லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும் யார் சிறந்தவர் என்று வாதிட்ட மலேசியர்கள், விடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவில்லை. அவ்விருவரும் 40 முறை நேருக்கு நேர் மோதினர். ஆட்ட அட்டவணை யாரை யாருடன் சேர்த்ததோ, அவரோடு விளையாடியே ஆக வேண்டும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் நிலைமை வேறு. அங்கு இரு வெற்றியாளர்கள் ஒரே எடைப்பிரிவில், ஒரே காலத்தில், ஒருவரையொருவர் சந்திக்காமலேயே தங்கள் விளையாட்டு வாழ்க்கையை முடித்துக்கொள்ள இயலும். அவ்வாறு முடித்தவர்களும் உளர்.

இதற்குக் காரணம் பட்டங்களின் எண்ணிக்கை. லைட் வெல்டர்வெயிட் எடைப்பிரிவை எடுத்துக்கொள்ளலாம். இப்பிரிவில் போட்டியிடும் தொழில்முறை வீரரின் எடை 140 பவுண்டை, அதாவது ஏறத்தாழ 63.5 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. மேடையில் வேகமும் வேண்டும். அடியில் வலிமையும் வேண்டும். அதனால் குத்துச்சண்டை இரசிகர்கள் விரும்பிப் பார்க்கும் பிரிவுகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், இப்பிரிவுக்கு உலக வெற்றியாளர் ஒருவர் மட்டும் இல்லை. உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உலகக் குத்துச்சண்டை மன்றம், அனைத்துலகக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு, உலகக் குத்துச்சண்டை அமைப்பு என நான்கு அமைப்புகள் தனித்தனியே பட்டம் வழங்குகின்றன. ஆகவே, ஒரே வேளையில் நால்வர் ‘உலக வெற்றியாளர்’ என்று அழைக்கப்படலாம். நால்வரும் தத்தம் பட்டத்தோடு நிம்மதியாக இருந்துவிடலாம்.

வளர்ந்து வரும் இரு வெற்றியாளர்கள் உடனே மோத வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்பதில் இரசிகர்கள் இரு அணியாகப் பிரிகின்றனர். “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்பது ஓர் அணியின் வாதம். “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்பது மற்றோர் அணியின் வாதம். இரண்டும் தமிழர் பட்டறிவில் பிறந்த பழமொழிகளே. ஆயினும், குத்துச்சண்டை மேடையைப் பொறுத்தவரை முதல் அணியின் பக்கமே நியாயம் மிகுந்துள்ளது. இருவரும் தம் திறனின் உச்சத்தில் இருக்கும்போதே மோத வேண்டும். இதனைக் கடந்த கால நிகழ்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பிரிவில் இருவர் ஒளிவீசினர். ஒருவர் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டன் வீரர் அமீர் கான். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 17 வயதிலேயே வெள்ளிப்பதக்கம் வென்றவர் அவர். 2009ஆம் ஆண்டில் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பட்டத்தைக் கைப்பற்றினார். மற்றவர் அமெரிக்க வீரர் திமத்தி பிராட்லி. தோல்வியே காணாதவர். 2011 ஜனவரி 29ஆம் நாள், தம்மைப் போலவே தோல்வி காணாத வெற்றியாளரான டெவோன் அலெக்சாண்டரை வென்று, ஒரே பிரிவில் இரு பட்டங்களுக்கு உரியவரானார். அப்போது கானுக்கு 24 வயது. பிராட்லிக்கு 27 வயது. ஒருவரிடம் மின்னல் வேகம். மற்றவரிடம் தளராத உழைப்பு. இருவரும் மோதினால் மூன்று பட்டங்கள் ஒருவர் கைக்கு வரும். இதைவிடப் பொருத்தமான போட்டி வேறு எது இருக்க முடியும்?

ஆனால், அப்போட்டி நடைபெறவில்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அதனை நடத்தப் பேச்சுகள் நடந்தன. வருமானப் பங்கீடு, ஒப்பந்தச் சிக்கல் போன்றவற்றால் அவை முறிந்தன. ஜூலை 23ஆம் நாள் கான் மேடை ஏறியபோது எதிரே நின்றவர் பிராட்லி அல்லர். மூத்த வீரரான சாப் ஜூடா. அவரை ஐந்தாம் சுற்றில் வீழ்த்திக் கான் மேலும் ஒரு பட்டம் பெற்றார். ‘காத்திருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை, மதிப்பு கூடுகிறது’ என்று அன்று பலருக்குத் தோன்றியிருக்கலாம்.

அடுத்த ஓராண்டிற்குள் நிலைமை தலைகீழாக மாறியது. 2011 டிசம்பரில் வாஷிங்டன் நகரில் கான் லமான்ட் பீட்டர்சனிடம் புள்ளி அடிப்படையில் தோற்றார். அதே பீட்டர்சனைப் பிராட்லி 2009ஆம் ஆண்டிலேயே வென்றிருந்தார். 2012 ஜூலையில் டேனி கார்சியா கானை நான்காம் சுற்றில் வீழ்த்தினார். அதற்குள் பிராட்லி மேல் எடைப்பிரிவுக்குச் சென்றுவிட்டார். இருவரும் பின்னர் ஒருமுறைகூட மோதவில்லை. 2011ஆம் ஆண்டில் எழுந்த வினாவுக்கு இன்றுவரை விடை இல்லை. இனி கிடைக்கப் போவதும் இல்லை.

காத்திருக்க வேண்டும் என்போர் முதலில் எடுத்து வைப்பது பொருளாதார வாதம். குத்துச்சண்டை வீரர் மாதச் சம்பளம் பெறுபவர் அல்லர். ஆண்டிற்கு இரண்டு அல்லது மூன்று முறை மேடை ஏறிக் கிடைக்கும் தொகையில்தான் பயிற்றுநருக்கும் குடும்பத்திற்கும் எதிர்காலத்திற்கும் பங்கிட வேண்டும். எனவே, போட்டியின் மதிப்பு உயரும் வரை பொறுத்திருப்பது அவர்களின் உரிமை என்பர். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புளோய்ட் மேவெதரும் மேனி பக்கியாவும் மோத வேண்டும் என்ற பேச்சு 2009ஆம் ஆண்டின் இறுதியிலேயே எழுந்தது. போட்டியோ 2015 மே 2ஆம் நாள்தான் நடைபெற்றது. அமெரிக்காவில் மட்டும் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கட்டணம் செலுத்தி அதனைத் தொலைக்காட்சியில் கண்டனர். குத்துச்சண்டை வரலாற்றில் அதுவரை எந்தப் போட்டியும் ஈட்டாத வருமானத்தை அது ஈட்டியது. காத்திருந்ததால் இருவரும் பெரும்பொருள் பெற்றனர் என்பது உண்மையே.

எனினும், அன்று மேவெதருக்கு 38 வயது. பக்கியாவுக்கு 36 வயது. ஐந்தாண்டுகளுக்கு முன்பு இருந்த வேகத்தை எதிர்பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் கண்டது, அனுபவம் மிக்க இருவரின் எச்சரிக்கையான ஆட்டத்தை. மேலும், அத்தகைய வருமானம் விதிவிலக்கு; விதி அன்று. அமீர் கானும் அவருடைய நாட்டைச் சேர்ந்த கெல் புரூக்கும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒருவரையொருவர் சொல்லால் தாக்கிக்கொண்டிருந்தனர். இறுதியில் 2022 பிப்ரவரி 19ஆம் நாள் மான்செஸ்டரில் மோதினர். இருவருக்கும் அப்போது 35 வயது. இருவரிடமும் உலகப் பட்டம் எதுவும் இல்லை. ஆறாம் சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்தினார், புரூக் வென்றார். சில மாதங்களுக்குள் இருவரும் ஓய்வை அறிவித்தனர். அப்போட்டி கோபத்தைத் தணித்திருக்கலாம். ‘உச்சத்தில் இருந்தபோது யார் சிறந்தவர்?’ என்ற வினாவைத் தீர்க்கவில்லை. பசித்தபோது கிடைக்காத சோறு, பசி அடங்கிய பின் இலையில் விழுந்தாற்போன்ற நிலை அது.

காத்திருப்போரின் இரண்டாவது வாதம், தோல்வியற்ற பெயரைக் காப்பது. ஒரு வீரர் இருபது போட்டிகளில் வென்றிருந்தால், அந்த இருபதைவிட அதன் அருகில் எழுதப்படும் ‘தோல்வி 0’ என்பதே பெரிதாகப் பேசப்படுகிறது. ஏற்பாட்டாளர்களும் அந்தச் சுழியத்தைக் கண்ணாடிப் பாத்திரம் போலப் பாதுகாக்கின்றனர். வலிமை மிக்க ஒருவரிடம் தோற்றால் விளையாட்டு வாழ்க்கையே முடிந்துவிடும் என்று அஞ்சுகின்றனர்.

இந்த அச்சம் தேவையற்றது என்பதற்கு இதே எடைப்பிரிவில் சான்று உண்டு. 2018ஆம் ஆண்டின் இறுதியில் எட்டு லைட் வெல்டர்வெயிட் வீரர்கள் ஒரு நீக்கல் முறைத் தொடரில் பங்கேற்றனர். காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று பூப்பந்துப் போட்டியைப் போலவே அது அமைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஜோஷ் டெய்லரும் அமெரிக்காவின் ரெஜிஸ் புரோகிரேயும் இறுதிக்கு வந்தனர். இருவரும் உலக வெற்றியாளர்கள். இருவரும் தோல்வி காணாதவர்கள். டெய்லர் 15 போட்டிகளிலும் புரோகிரே 24 போட்டிகளிலும் வென்றிருந்தனர். 2019 அக்டோபர் 26ஆம் நாள் லண்டனில் அவர்கள் 12 சுற்றுகள் மோதினர். புள்ளி நடுவர் மூவருள் ஒருவர் 114-114 என்று சமநிலை அளித்தார். மற்ற இருவர் டெய்லருக்கு வெற்றி அளித்தனர். அவ்வளவு நெருக்கமான போட்டி அது.

தோற்ற புரோகிரேயின் வாழ்க்கை அன்றோடு முடிந்துவிட்டதா? இல்லை. 2022 நவம்பரில் அவர் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். வென்ற டெய்லர் 2021 மே மாதம், தோல்வி காணாத மற்றொரு வெற்றியாளரான ஹோசே ராமிரெசை எதிர்கொண்டு வென்றார். நான்கு பட்டங்களும் அவர் வசமாயின. நால்வர் பகிர்ந்துகொண்ட பெயர் அன்று ஒருவருக்கு உரியதாயிற்று. சில ஆண்டுகளில் இத்தனையும் நடந்தேறியதற்குக் காரணம், யாரும் யாரையும் தவிர்க்க இயலாத ஓர் ஒழுங்கில் தொடங்கியதே.

மகளிர் பிரிவும் இதனையே உணர்த்துகிறது. 2023 மே மாதம் டப்ளின் நகரில் அயர்லாந்தின் கேட்டி டெய்லர், லைட் வெல்டர்வெயிட் பிரிவின் முழுமையான வெற்றியாளரான இங்கிலாந்தின் ஷான்டெல் கேமரனை எதிர்த்தார். அதுவரை இருவருமே தொழில்முறைப் போட்டியில் தோற்றதில்லை. தம் ஊர் மக்கள் முன்னிலையில் டெய்லர் தோற்றார். ஆறு மாதங்களில், அதே நகரில், அதே எதிராளியை மீண்டும் சந்தித்து வென்றார். அந்த ஒரு தோல்வி அவர் புகழைக் குறைக்கவில்லை. அதை அடுத்து வந்த வெற்றிக்குப் பெருமை சேர்த்தது.

மலேசியர்களுக்கு இன்னும் அணுக்கமான சான்று ஒன்று உண்டு. 1975 ஜூலை 1ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலி, ஜோ பக்னரை 15 சுற்றுகளில் வென்று கனவெடைப் பிரிவின் உலகப் பட்டத்தைத் தற்காத்தார். அன்று மலேசிய மண்ணில் மேடை ஏறிய அலி, தோல்வி காணாதவர் அல்லர். 1971ஆம் ஆண்டு மார்ச் மாதம், அவரும் ஜோ பிரேசியரும் இருவருமே தோல்வி அறியாத நிலையில் நியூயார்க்கில் மோதினர். அதில் அலி தோற்றார். அத்தோல்விக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தால் அவருக்கு அந்தச் சுழியம் மிஞ்சியிருக்கும், வரலாறு மிஞ்சியிருக்காது. மலேசியர்கள் கண்டது, விழுந்து எழுந்த ஒரு வெற்றியாளரை. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கும் என்பதற்காக யானை நடக்காமல் இருப்பதில்லை.

மூன்றாவது வாதம் மற்ற இரண்டையும்விடக் கனமானது. அது பாதுகாப்பு பற்றியது. சம வலிமையுள்ள இருவர் மோதும்போதுதான் இருவருக்கும் அதிக அடி விழுகிறது. ஒருவர் எளிதில் விழும் போட்டியில் ஆபத்து விரைவில் முடிந்துவிடும். இருவரும் விட்டுக்கொடுக்காத போட்டியில் அது பன்னிரண்டு சுற்றுக்கும் நீளும். 2019 ஜூலை 19ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், லைட் வெல்டர்வெயிட் பட்டத்திற்கு அடுத்து யார் போட்டியிடுவது என்பதை முடிவு செய்ய, தோல்வி காணாத இருவர் மோதினர். ஒருவர் ரஷ்யாவின் மேக்சிம் டாடாஷெவ். மற்றவர் போர்ட்டோ ரிக்கோவின் சுப்ரியேல் மத்தியாஸ். பதினோராம் சுற்று முடிந்ததும் டாடாஷெவின் பயிற்றுநர் பட்டி மெக்கெர்ட் போட்டியை நிறுத்திவிடக் கெஞ்சினார். வீரர் தலையசைத்து மறுத்தார். பயிற்றுநர் அதை மீறிப் போட்டியை நிறுத்தினார். ஆயினும், காலம் கடந்துவிட்டது. மூளையில் ஏற்பட்ட காயத்தால் நான்கு நாளில் டாடாஷெவ் இறந்தார். அவருக்கு வயது 28.

இந்த மரணத்தை மறைத்துவிட்டு ‘மோதட்டும், மோதட்டும்’ என்று கூவுவது மனிதத்தன்மை ஆகாது. ஆனால், இதிலிருந்து பெற வேண்டிய பாடம் எது? சமமானவர்கள் சந்திக்கக்கூடாது என்பதா? அவ்வாறு கொண்டால் எஞ்சுவது சமமற்றவர்களின் மோதல். அது இதனினும் கொடியது. வலியவரை வலியவரிடமிருந்து காப்பதற்காக மெலியவரை அவர் முன் நிறுத்துவது எவ்வகைப் பாதுகாப்பு?

இங்குக் காத்திருப்போர் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. குத்துச்சண்டையில் காத்திருப்பு என்பது ஓய்வன்று. பெரும் போட்டிக்காகக் காத்திருக்கும் வீரர் வீட்டில் அமர்ந்திருப்பதில்லை. பட்டத்தைத் தக்கவைக்கவும் வருமானம் ஈட்டவும் வேறு பலரோடு மோதிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு போட்டிக்கும் எடையைக் குறைக்கிறார். ஒவ்வொரு போட்டியிலும் தலையில் அடி வாங்குகிறார். பயிற்சிக்கூடத்தில் வாங்கும் அடிகளைக் கணக்கில் எழுதுவோரும் இல்லை. உடல் என்பது எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. எதிர்பார்க்கும் போட்டியை ஐந்தாண்டுக்கு ஒத்திவைப்பவர், அச்சேமிப்பை வேறு எங்கோ செலவழித்துவிட்டு வெறுங்கையோடு அங்கு வந்து சேர்கிறார்.

போர்ட்டோ ரிக்கோவின் வில்பிரெட் பெனிட்டஸ் 1976 மார்ச் மாதத்தில் இதே பிரிவின் உலகப் பட்டத்தை 17 வயதில் வென்றார். அவரினும் இளைய உலக வெற்றியாளரைத் தொழில்முறைக் குத்துச்சண்டை கண்டதில்லை. அவர் கடைசியாக மேடை ஏறியது 1990ஆம் ஆண்டில். பிற்காலத்தில் மூளைப் பாதிப்பு முற்றி, அன்றாடத் தேவைகளுக்கும் பிறர் துணையை நாட வேண்டியவரானார். ஒரு வீரரை உருக்குலைப்பது உரிய காலத்தில் நடக்கும் ஒரு பெரும் போட்டி மட்டுமன்று. நிறுத்த வேண்டிய காலம் தாண்டியும் தொடரும் போட்டிகளின் வரிசை. ஆகவே, பாதுகாப்பில் அக்கறை கொண்டவர்கள் கேட்க வேண்டியது காலத்தாழ்வை அன்று. குறைந்த போட்டிகளை, நேர்மையான மருத்துவப் பரிசோதனையை, ‘போதும்’ என்று சொல்லத் துணிந்த பயிற்றுநரை.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அமைந்துள்ள வரிசை இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. 48ஆம் அதிகாரம் வலியறிதல். 49ஆம் அதிகாரம் காலமறிதல். 50ஆம் அதிகாரம் இடனறிதல். ஒரு செயலில் இறங்குமுன் தன் வலிமையையும் எதிராளியின் வலிமையையும் எடைபோட வேண்டும். அடுத்து அதற்குரிய காலத்தையும் பின்னர் இடத்தையும் தேர வேண்டும். குத்துச்சண்டை ஏற்பாட்டாளர்கள் இவ்வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாகப் பின்பற்றுகின்றனர். எந்த நகரில் நடத்தினால் அதிக வருமானம் என்று இடத்தை முதலில் பேசுகின்றனர். காலத்தைத் தொலைக்காட்சி நிறுவனத்தின் வசதிக்கு விடுகின்றனர். வீரரின் வலிமை உச்சத்தில் இருக்கிறதா, சரிந்துவிட்டதா என்பது கடைசியில் வருகிறது. சில வேளைகளில் வராமலே போகிறது.

காலமறிதல் என்பது அவசரப்படுவதும் அன்று. நேற்று முதல் பட்டம் வென்றவரை இன்றே மிகப் பெரிய எதிராளியின் முன் நிறுத்த வேண்டும் என்று யாரும் கோர மாட்டார்கள். ஒரு வீரர் தம் பட்டத்தை ஓரிரு முறை தற்காக்கட்டும். நீண்ட சுற்றுகளுக்கு உடலைப் பழக்கட்டும். ஆனால், அந்தக் கால அளவுக்கு ஒரு வரம்பு வேண்டும். அவ்வரம்பை வீரரின் அச்சமோ ஏற்பாட்டாளரின் இலாபமோ வகுக்கக்கூடாது. விதிமுறை வகுக்க வேண்டும். தகுதிபெற்ற முதன்மை எதிராளியைக் குறித்த காலத்திற்குள் வெற்றியாளர் சந்திக்க வேண்டும் என்னும் விதி ஒவ்வோர் அமைப்பிலும் ஏற்கெனவே உண்டு. ஆனால், ஓர் அமைப்பின் வெற்றியாளர் மற்றோர் அமைப்பின் வெற்றியாளரைச் சந்திக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பொது விதி இல்லை. நான்கு அமைப்புகளும் இணங்கி, ஒரே பிரிவின் வெற்றியாளர்கள் ஈராண்டிற்குள் மோத வேண்டும் என்று வகுத்தால், இந்த வாதங்களில் பாதி அடங்கிவிடும்.

இது நடவாத கனவு அன்று. தொழில்முறை சாராப் போட்டிகளில் இந்த ஒழுங்கு இன்றும் உள்ளது. 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியை ஏற்று நடத்தியபோது, சரவாக்கைச் சேர்ந்த சப்போக் பிக்கி 48 கிலோகிராம் பிரிவில் குத்துச்சண்டைத் தங்கம் வென்றார். அங்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கும் இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை. குலுக்கல் யாரைக் காட்டியதோ அவரோடு மோதினார்; வென்றார். அந்தத் தங்கத்தின் மதிப்பைப் பற்றி எவரும் ஐயம் எழுப்பவில்லை. காரணம், அவர் யாரையும் தவிர்த்து அங்கு வந்து சேரவில்லை.

கோலாலம்பூர் கண்ட மற்றொரு பெரும் போட்டி, காத்திருப்போருக்குச் சாதகமாகத் தோன்றலாம். 2018 ஜூலை 15ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் 39 வயது மேனி பக்கியாவ், அர்ஜென்டினாவின் லூக்காஸ் மத்தீசேயை ஏழாம் சுற்றில் வீழ்த்தி வெல்டர்வெயிட் பட்டம் வென்றார். ‘வயது ஒரு தடையன்று’ என்று இரசிகர்கள் மகிழ்ந்தனர். மகிழ்ந்ததில் தவறில்லை. ஆனால், மத்தீசே அதற்குள் தம் சிறந்த நாள்களைக் கடந்தவர். அப்போட்டிக்குப் பின் சில வாரங்களில் ஓய்வு பெற்றார். பக்கியாவ் லைட் வெல்டர்வெயிட் பிரிவில் 2009ஆம் ஆண்டு ரிக்கி ஹாட்டனை இரண்டே சுற்றில் வீழ்த்திய காலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பெரும் வீரரின் அந்திப்பொழுதைக் காண்பதும் ஒரு பேறுதான். ஆனால், அந்தியைக் காட்டி நண்பகல் தேவையில்லை என்று வாதிட முடியாது.

இவ்வாதம் உலக வெற்றியாளர்களோடு நின்றுவிடுவதும் அன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் குத்துச்சண்டை, சிலம்பம், கராத்தே போன்ற கலைகளைப் பயிலும் தமிழ் இளைஞர்கள் பலர். திரையிலும் இணையத்திலும் காணும் வெற்றியாளர்களே அவர்களுக்கு முன்மாதிரி. ‘வலியவனைத் தவிர், எண்ணிக்கையைக் காப்பாற்று’ என்ற பாடத்தை மேலே உள்ளவர்கள் கற்பித்தால், கீழே உள்ளவர்களும் அதையே கற்பர். எளிய எதிராளி வரும் போட்டியில் மட்டும் பெயர் கொடுக்கும் மாணவனும், தோற்றுவிடுவோமோ என்று மாவட்டத் தேர்வுக்கே வராமல் நின்றுவிடும் மாணவியும் அப்பாடத்தின் விளைவே. லின் டானை எதிர்த்த 40 ஆட்டங்களில் லீ சோங் வெய் 28இல் தோற்றார். இருந்தும், மலேசியர்கள் அவரைத் தோல்வியாளர் என்று அழைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் திடலுக்கு வந்தார் என்பதை நாடு நினைவில் வைத்திருக்கிறது.

ஆகவே, வளர்ந்து வரும் இரு வெற்றியாளர்கள் ஒரே எடைப்பிரிவில் எழும்போது, இரசிகர்கள் ‘யார் வெல்வார்?’ என்று மட்டும் வாதிடுவது போதாது. ‘எப்போது மோதுவர்? எந்த விதியின்படி? யார் அவர்களின் நலனைக் காப்பார்?’ என்றும் கேட்க வேண்டும். கட்டணம் செலுத்திப் பார்ப்பவர்கள் அவர்கள்; அவர்கள் கேட்டால் ஏற்பாட்டாளர்கள் செவிசாய்த்தே ஆக வேண்டும். இருவரும் உடல்நலத்தோடும் முழுத்திறனோடும் இருக்கையில், நேர்மையான நடுவர் முன்னிலையில், மருத்துவர் அருகிலிருக்க, அவர்கள் மோதட்டும். அன்று ஒருவர் தோற்பார். தோற்றவர் தம் எதிராளி யார் என்பதை அறிந்தவராக மேடையைவிட்டு இறங்குவார். வென்றவர் தம் பட்டத்தின் பொருளை அறிந்தவராக இறங்குவார். மோதாமல் ஓய்வு பெற்ற இருவருக்கு இவ்விரண்டில் ஒன்றும் கிட்டுவதில்லை.